மட்டக்களப்பு வாவிக்கரை நாட்குறிப்பு: 2025 பருவம்

2025 ஜூன் 8, ஞாயிறு

அறை பதியமுன் நிலப்படத்தை ஒருதடவை விரித்துப் பாருங்கள். நகரம் மூன்று துண்டு. நடுவில், சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த புளியந்தீவு: கோட்டை, பழைய தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் இங்கேதான். வடக்கே பாலம் தாண்டினால் கோட்டைமுனையும் ரயில் நிலையமும். கிழக்கே கல்லடிப் பாலத்துக்கு அப்பால் கல்லடியும் கடலும். வருகிறவர்களில் அநேகர் "கடற்கரை" என்ற ஒரு சொல்லை நம்பிக் கல்லடியில் அறை எடுத்துவிட்டு, கோட்டைக்கும் சந்தைக்கும் போகவர ஓட்டோவுக்கே காசைக் கொட்டுகிறார்கள். இரண்டு நாள் ஊர் பார்க்க வருகிறவருக்குக் கோட்டைமுனையோ புளியந்தீவோ போதும். கடல் குளிக்க வருகிறவருக்குத்தான் கல்லடி. எங்கே தங்கினாலும் ஓட்டோவில் ஏறமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்; இறங்கின பிறகு பேசினால் சண்டைதான்.

கொழும்பிலிருந்து காலையில் வெளிக்கிடும் உதயதேவி ரயில் பின்னேரம் வந்து சேரும். இரவு ரயில் விடியமுன் இறக்கிவிடும். அந்த நேரத்தில் விடுதிக் கதவு திறந்திருக்காது, முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள். கல்லோயா, ஹிங்குராக்கொடைப் பக்கம் யானைகள் தண்டவாளம் கடக்கும் காடு. இந்தப் பெப்ரவரி 20 அதிகாலையில் மீனகயா ரயில் கல்லோயாவுக்கு அருகே யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டுக்குள் ரயில் மெதுவாகத்தான் வரும், வரவும் வேண்டும். ஆகவே வந்திறங்கி ஒரு மணித்தியாலத்தில் படகு என்று திட்டம் போடாதீர்கள்.

நேற்று ஹஜ் பெருநாள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைத்தெருவுக்கு இன்று நாளை போகிறவர்கள் பாதிக் கடைகள் பூட்டியிருக்கக் காண்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை நேரத்திலும் அப்படித்தான்.

ஜூன் 9, திங்கள்

புளியந்தீவை நடந்தே பாருங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வெயிலுக்குள் முடியும்.

கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628 இல் கட்டினர். 1638 மே 18 இல் ஒல்லாந்தர் பிடித்தனர்; இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். நாலு கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. அதனால் உள்ளே நின்று பார்ப்பதோடு விட்டுவிட வேண்டாம். எதிர்க்கரையில் நின்று பார்த்தால்தான் எதிரிக்கு ஏன் படகு தேவைப்பட்டது என்பது விளங்கும். படம் எடுக்கவும் அந்தக் கரைதான் நல்லது. மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரி நெடுங்காலம் இதற்குள்ளேயே இயங்கியதால் பழைய சுவர்களுக்கு நடுவே அலுவலகக் கூரைகளும் தகரமும் தெரியும். காலிக் கோட்டையை மனதில் வைத்து வந்தால் ஏமாற்றம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

அங்கிருந்து நடை தூரத்தில் மரியாள் பேராலயம், 1814 இல் வந்த வெஸ்லியன் போதகர் வில்லியம் ஓல்ட் தொடக்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி. பள்ளிக்கூட நேரத்தில் உள்ளே போக முடியாது, வெளியில் நின்று பார்க்கலாம்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை; வங்கி, அரச அலுவலகம், இறைச்சிக் கடை, மதுக்கடை எல்லாம் இன்று பூட்டு. காசு இயந்திரங்கள் வேலை செய்யும்.

இன்றும் நாளையும் இரவு எல்லோரும் தேடி வருவது பாடும் மீனைத்தான், அதாவது வாவித் தண்ணீருக்குள் எழும் இசை போன்ற ஒலியை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, நிலாக் காலத்தில், கல்லடிப் பாலத்தடியில். பழைய பாலம் 1924 இல் கட்டியது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். பக்கத்திலேயே 2013 மார்ச்சில் புதுப் பாலம் திறந்தார்கள், பாரவண்டிகள் எல்லாம் இப்போது அதனால் போகின்றன. வசதிதான், ஆனால் அந்த இரைச்சல் தூண்கள் வழியே தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. ஆகவே இரவு பத்தரைக்குப் பிறகு, வாகனம் குறைந்ததும் போங்கள். மேலே நின்று காதைத் தீட்டிப் பயனில்லை. தண்ணீருக்குள் பிறக்கும் ஒலி மேற்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வருவது மிகக் குறைவு. படகு வேண்டும்.

படகைப் பாலத்திலிருந்து சற்று விலக்கி நங்கூரம் போடச் சொல்லுங்கள். இஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது. ஐந்து பத்து நிமிடம் ஒருவரும் பேசாமல், கால் மாற்றாமல் இருக்க வேண்டும். பிறகு மரத் துடுப்பின் அகன்ற பக்கத்தை நேர் கீழாகத் தண்ணீருக்குள் இறக்கி, பிடி முனையைக் காதோடு, காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் படும்படி அழுத்திப் பிடியுங்கள். துடுப்பு படகின் விளிம்பில் முட்டக்கூடாது. முட்டினால் அலை பலகையில் அடிக்கும் சத்தம்தான் கேட்கும், அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. கேட்பது இசைக் கருவியின் கம்பியை மெல்லத் தட்டினாற்போல, நீண்டு அதிரும் ஒலி. இடம் கிடைக்காவிட்டால் நங்கூரம் தூக்கி முப்பது நாற்பது மீற்றர் தள்ளிப் போங்கள்.

காற்று இருந்தால் விட்டுவிடுங்கள். மழைவெள்ளம் கலங்கிய நாளிலும் வேண்டாம். 1950களில் இயேசு சபைக் குரு லாங் அடிகள் இதை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. "கட்டாயம் கேட்கும்" என்று சத்தியம் பண்ணும் படகுக்காரருக்குக் கூலியைக் கரை திரும்பிய பிறகு கொடுங்கள்.

பழைய பாலத்தில் நடப்பவர்கள் தலையைக் கவனியுங்கள். தூண்டில் வீசுகிறவர்கள் பின்னால் ஆள் வருவதைப் பார்ப்பதில்லை.

ஜூன் 12, வியாழன்

கச்சான் காற்று எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, நண்பகலுக்குப் பிறகு வாவியில் அலை எழுப்பும். படகுக்கு விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். சிறு தோணியோ கயாக்கோ எடுப்பவர்கள் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். பலர் செய்வது நேர்மாறு. கிழக்கே சுகமாகப் போய்விட்டுத் திரும்ப முடியாமல் இழுபடுகிறார்கள். மேற்குக் கரையில் கண்டல் மரங்களை ஒட்டிப் போனால் அலை குறைவு.

இஞ்சின் போட் பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: கூலி ஆளுக்கா படகுக்கா, எண்ணெய்ச் செலவு சேர்ந்ததா, எத்தனை மணித்தியாலம். லைஃப் ஜக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள். எடுத்து மாட்டி, கொளுவி பூட்டுப்படுகிறதா என்று பாருங்கள். ரெஜிபோம் துண்டும் பிளாஸ்டிக் போத்தலும் வரிசையாக மிதந்தால் அடியில் வலை. சுற்றிப் போகச் சொல்லுங்கள். இஞ்சின் காற்றாடியில் சிக்கினால் நட்டம் வலைக்காரனுக்கு. மழைக்குப் பிறகு ஆற்றுவாழையும் அப்படித்தான் சுற்றும்.

வாவியில் குளிக்க வேண்டாம், காலைத் தொங்கப் போடவும் வேண்டாம். முதலை உண்டு.

ஜூன் 14, சனி

பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913 இல் கட்டியது, 28 மீற்றர். பின்னேரம் போகலாம். முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருக்கும்போது தண்ணீர் சாதுவாகத் தெரியும். மாரியில் வெள்ளம் வடிய வெட்டிவிட்டால் இழுவை பொல்லாதது. எந்தக் காலத்திலும் அங்கே நீந்தாதீர்கள்.

ஜூன் 17, செவ்வாய்

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மோட்டார் சைக்கிள் நல்லது. கல்முனை வீதியால் ஆரையம்பதி வரை வந்து, அங்கேயே எண்ணெய் நிரப்பி, 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் நண்பகலில் நடை சாத்தும், ஆகவே பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிறகு அம்பிளாந்துறைப் பக்கமாகத் தெற்கே மண்டூர். முருகன் கோயிலில் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை, கதிர்காம முறை. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும்.

திரும்பி வந்த வழியே வராதீர்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் ஏறுங்கள். பாலம் இல்லாத இடத்தில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகைத்தான் இங்கே பாதை என்கிறோம். முதலில் வாகனங்கள் ஏறும், பிறகு ஆட்கள். மோட்டார் சைக்கிளைக் கியரில் விட்டு, பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். பக்கக் கம்பியில் சாய வேண்டாம். பலத்த காற்றென்றால் ஓடாது, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று மண்டூரில் இறங்கியதுமே விசாரியுங்கள். தவறவிட்டால் வீதியால் சுற்றித்தான் திரும்ப வேண்டும், பொழுதுபட்டால் அந்த வீதிகளில் யானை வரும்.

ஜூலை 21, திங்கள்

வியாழக்கிழமை ஆடி அமாவாசை, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். புதன் இரவிலிருந்து அறை கிடைப்பது கஷ்டம், ரயிலும் நிரம்பும். தந்தைக்குப் பிதிர்க்கடன் செலுத்த வருகிறவர்கள் விடியமுன் வந்துவிடுவார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அந்த நேரத்தில் குளப்படியை அடைத்துக்கொண்டு படம் எடுக்கக் கூடாது. படியில் பாசி, செருப்பில்லாத காலுக்கு வழுக்கும். வாகனத்தைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடங்கள். கோயில் வாசலுக்கு என்று பேசிய ஓட்டோவும் பொலிஸ் தடையில் இறக்கித்தான் விடும், கூலியை அதற்கேற்பப் பேசுங்கள். கச்சான் (நிலக்கடலை) கடைகள் வழிநீளத்துக்கு இருக்கும். வறுத்துச் சூடாக இருப்பதை ஒன்றிரண்டு உடைத்துத் தின்று பார்த்து வாங்குங்கள், முந்தின நாள் கச்சான் நமுத்திருக்கும்.