வலை பின்னிய கைகள்

கடலூர் முதுநகர்ப் பக்கத்துப் பெரியவர். எழுபத்தாறு வயது, கடலுக்குப் போய்வந்தவர். நான் நைட் டியூட்டிக்கு வந்தபோது போர்வை நூலை இழுத்து இழுத்து வலை பின்னிக்கொண்டிருந்தார். செத்துப்போன மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ட்ரிப் ஊசியை இரண்டு தடவை பிடுங்கிப் போட்டாயிற்று.

"முந்தாநாள் வரைக்கும் பேப்பர் படிச்சாரு சிஸ்டர்" என்றாள் மகள்.

அதைக் கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. இரண்டே நாளில் புத்தி தடுமாறினால் உடம்பில் வேறு எங்கோ கோளாறு. படித்ததுதான். ஆனாலும் 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று நினைத்து, கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். முரண்டு இன்னும் அதிகமானது.

ராத்திரி இரண்டு மணிக்கு ஆயாம்மா வந்து, "சாயங்காலத்திலேர்ந்து தாத்தா ஒண்ணுக்கே போவலம்மா" என்றார். அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள் வரை கெட்டியாகப் புடைத்திருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு யூரின் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. கட்டை அவிழ்த்தேன். விடிகாலையில் டீ கேட்டார். முழுசாகத் தெளிய இன்னும் மூன்று நாள் பிடித்தது.

அப்புறம்தான் மகளிடம் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். பிரஷர் மாத்திரையோடு, சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின். சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியவருக்கு அது சிறுநீரை அடைக்கும், வயதானவர்களின் மூளையையும் நேராகவே கலக்கும்.

இப்போதெல்லாம் யாரையாவது "உளறுறாங்க" என்று கூட்டிவந்தால் முதலில் விரல் நுனியில் சர்க்கரை பார்த்துவிடுவேன். சாப்பிடாமல் சுகர் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. பிரஷருக்கு நீர் மாத்திரை, அதோடு உப்பில்லாக் கஞ்சி என்றால் சோடியம் இறங்கியிருக்கலாம். புதுச்சேரியிலிருந்து வருபவர் என்றில்லை, எல்லோரிடமும் கடைசியாக எப்போது மது குடித்தார் என்று கேட்டுவிடுவேன். நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்தான் ஆபத்து. கீழே விழுந்தாரா, மலம் போய் எத்தனை நாள், மூக்குக்கண்ணாடி எங்கே என்பதெல்லாமும் உண்டு. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா இருக்கும்.

கத்துபவரைவிட, பகலெல்லாம் சும்மா தூங்குகிற பாட்டிதான் எனக்குப் பயம். "தொந்தரவே இல்ல, அடக்கமா இருக்காங்க" என்பார்கள். அதுவும் இதே குழப்பம்தான், சத்தம் மட்டும் இல்லை.

பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று மகள் அந்தப் பையைத் திறந்து காட்டினாள். சளி மாத்திரை அட்டை அதிலேயே இருந்தது. "இதையும் ராத்திரிக்குக் குடுக்கலாமா சிஸ்டர்?"