முதல் வருட வண்டி

கார் வாங்கக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இந்த வருடம்தான் வந்த புது மாடல். கதவை மூடிவிட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன். மேலே இடுக்கில் நகம் நுழைகிறது, கீழே நுழையவே இல்லை.

போர்ஷ கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த 2014 மாடல் 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் கார் நினைவுக்கு வந்தது. இரண்டு கார்கள் தீப்பிடித்தன. இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடில் ஒரு திருகு தளர்ந்ததுதான் காரணம். 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கே அப்படி! சோதனை ஓட்டத்தில் சிக்காத கோளாறு, பலர் தினமும் ஓட்டும்போதுதான் தலைகாட்டும்.

ஆசை விடவில்லை. அந்த இன்ஜின் உறுமல் இன்னும் காதிலேயே நிற்கிறது.

சரி, அடுத்த வருட வண்டி வரட்டும். அதே சிவப்பில் எடுக்கிறேன்.