பூனைக்காலி விதையும் டோபாவின் இரு வடிவங்களும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதை கேட்டால், மொச்சையை ஒத்த, கறுத்துப் பளபளக்கும் விதைகளை நிறுத்துத் தாளில் மடித்துத் தருவார்கள். அவ்விதையிலிருந்து, பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்கு மருந்தாகும் எல்-டோபாவைச் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் 1937-இல் பிரித்தெடுத்தார்கள் என்பதை நம் மருத்துவ மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

டோபாவில் ஒரு கரி அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருப்பதால், அதை இரு விதமாக அமைக்கலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். செடி எல் வடிவத்தை மட்டுமே உண்டாக்குகிறது. ஆய்வகத்தில் சாதாரண முறையில் தயாரித்தால் எல், டி இரண்டும் சரிபாதியாகக் கலந்தே வரும்.

சர்ப்பகந்தி வேரில் உள்ள ரெசர்பின், நரம்பு முனைகளின் நுண்பைகளில் டோபமின், நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் சேரவிடாமல் தடுக்கும். 1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் குழுவினர் ரெசர்பின் கொடுத்த முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. டோபாவை ஊசியில் ஏற்றியதும் சற்று நேரத்தில் காதை நிமிர்த்தி எழுந்து நடமாடின. டோபாவின் கார்பாக்சில் தொகுதியை நீக்கி டோபமினாக்கும் நொதி, எல் வடிவத்தை மட்டுமே ஏற்கும். வலக்கால் செருப்பு இடக்காலில் சேராததைப் போல, டி வடிவம் அதில் பொருந்தாது. இதில் வேடிக்கை என்னவென்றால், விளைபொருளான டோபமினுக்கு இட வல வேறுபாடே கிடையாது.

இந்த வடிவ வேறுபாட்டைப் பொருட்படுத்தாததன் பாதிப்பு மருத்துவத்தில் தெரிந்தது. 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு முதலில் கலவை டோபாவைத்தான் கொடுத்தார். சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. பிறகு தூய எல்-டோபாவுக்கு மாறியபோது அளவும் பாதியாயிற்று.

ஆனாலும், டி-டோபா எதற்கும் உதவாது என்று ஒரே வரியில் முடிக்கும் பாடநூல்களை நான் ஏற்பதில்லை. மூளையின் ஒரு பக்கத்தில் டோபமின் நரம்புகள் அழிக்கப்பட்ட எலிகள் எல்-டோபா பெற்றால் மறுபக்கமாகச் சுழலும். டி-டோபா பெற்றாலும், தாமதமாகத்தான் என்றாலும், சுழலவே செய்கின்றன. சிறுநீரகத்தில் மிகுதியாக உள்ள டி-அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதி டி-டோபாவின் அமினோ தொகுதியைக் கழற்றிவிட, வேறொரு நொதி அதை எல் வடிவில் மீண்டும் பொருத்துகிறது. முதல் நொதியைத் தடுத்துவிட்டால் எலியின் சுழற்சியும் குறைந்துவிடுகிறது.