சூட்டுக் கொப்புளம் என்று நாங்கள் அழைத்தது

திருமணமான ஏழாவது மாதத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் ஈறுகள் வீங்கிச் சிவந்தன; மூன்றாம் நாள் உதட்டிலும் நாக்கு நுனியிலும் சிறு கொப்புளங்கள் எழும்பி உடைந்து, கஞ்சி விழுங்குவதற்கே கண்ணீர் வரும் அளவுக்கு எரிந்தன. தாடைக்கு அடியில் நெறி கட்டியிருந்தது. உடம்புச் சூடு என்று சொல்லி வீட்டில் இளநீரும் மோரும் கொடுத்தார்கள். அன்று மாலை நாங்கள் போய்ப் பார்த்த மருத்துவர் அவசரத்தில் இருந்தார். மருந்துச் சீட்டில் ‘ஹெர்ப்பிஸ்’ என்று எழுதி, அசைக்ளோவிர் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரவு அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடினேன். முதலில் கண்ணில் பட்டது ‘பால்வினை நோய்’ என்பதுதான். பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த எண்ணத்தை இன்று எழுதுவதற்குக்கூட வருத்தமாக இருக்கிறது. மறுநாள் கேட்டேன். அவர் அதிர்ந்துபோனார்; பிறகு அதே கேள்வி அவர் முகத்திலும் என்னை நோக்கி எழுந்ததைக் கண்டேன். வாய்ப்புண்ணோடு படுத்திருந்த அந்த ஒன்பது நாட்களும் ஒரே வீட்டில் இரண்டு அந்நியரைப் போல இருந்தோம். இரத்தப் பரிசோதனை செய்தால் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்று அவர் சொல்ல, நானும் ஒப்புக்கொண்டேன்.

பரிசோதனைக்கு முன் சந்தித்த தோல் மருத்துவர், இருவரையும் சேர்த்து உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். என் கணவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்கு உதட்டோரத்தில் எப்போதாவது கொப்புளம் வருமா?” வரும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, காய்ச்சலுக்குப் பிறகோ வெயிலில் வண்டி ஓட்டி அலைந்த பிறகோ வரும். சிறுவயதில் அதை அக்கி என்று எண்ணி, பாட்டி அவரைக் குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காவி எழுதி வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சூட்டுக் கொப்புளம். எனக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் உதட்டில் காய்ந்த பொருக்கு இருந்தது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

ஹெர்ப்பிஸ் கிருமியில் இரண்டு வகை உண்டு என்றும், உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை என்றும், அதைப் பலர் குழந்தைப் பருவத்திலேயே வீட்டாரின் முத்தத்தின் வழியாகப் பெற்றுவிடுகிறார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். உலக சுகாதார அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 67 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 370 கோடிப் பேர், இந்த முதல் வகையைச் சுமக்கிறார்கள். முதல் தொற்று அடங்கியதும் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து, உடல் தளரும்போது அதே நரம்பு வழியே உதட்டுக்குத் திரும்பி வருகிறது. கொப்புளம் இருக்கும்போது தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் தோலில் ஒன்றுமே தெரியாத சில நாட்களிலும் கிருமி உமிழ்நீரில் வெளிப்படக்கூடும் என்பதால், ஒருவர் தெரிந்தே பரப்பினார் என்று சொல்ல வழியில்லை. இரத்தப் பரிசோதனையோ எப்போதோ தொற்று ஏற்பட்டது என்பதை மட்டும் காட்டும். எந்த மாதம், யாரிடமிருந்து என்பதைக் காட்டாது. இதைக் கேட்டதும் என் கணவர் பரிசோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். நாங்கள் அதைச் செய்யவில்லை.

மருத்துவர் சொன்னவற்றில் எனக்குப் புதிதாக இருந்த இன்னொரு செய்தியை எந்தத் தம்பதியரும் கூச்சப்பட்டுத் தவிர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். உதட்டுக் கொப்புளம் உள்ளவர் வாய்வழி உறவு கொண்டால், அதே முதல் வகைக் கிருமி துணைவரின் பிறப்புறுப்பிலும் தொற்றலாம். அங்கே புண் வந்தால் வேறு உறவுதான் காரணம் என்று முடிவு கட்ட இயலாது.

அதன்பின் எங்களுக்குள் ஒரு வழக்கம் உருவானது. உதட்டில் குறுகுறுப்போ எரிச்சலோ தொடங்கியதும், கொப்புளம் எழும்புவதற்கு முன்பே, சொல்லிவிட வேண்டும். பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக மூடும்வரை, அதாவது ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை, முத்தமும் வாய்வழி உறவும் கிடையாது. துண்டும் உதட்டுக் களிம்பும் தனித்தனி. புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைத் தொடக் கூடாது. கருவிழியில் தொற்றினால் பார்வையே பாதிக்கப்படலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் குறுகுறுப்பு தொடங்கிய அன்றே விழுங்கினால் புண் சற்று விரைவாக ஆறுகிறது. தாமதித்தால் பயன் குறைவு. தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைக்கும் அளவுக்குப் போகத் தேவையில்லை, கழுவி வைத்தால் போதும் என்றார். அண்ணாந்து குடிக்கும் எங்கள் வீட்டுப் பழக்கம் இதில் உதவியாகவே இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் மகள் பிறந்தாள். பிறந்த முதல் சில வாரங்களில் இந்தக் கிருமி குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது தெரிந்திருந்ததால், உதட்டில் புண் உள்ள எவரும் அவளை முத்தமிடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அத்தைக்கும் அவ்வப்போது அந்தக் கொப்புளம் வரும். பேத்தியைக் கொஞ்ச வேண்டாம் என்று மருமகள் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று நான் பல இரவுகள் கவலைப்பட்டேன். பேசியது என் கணவர். “அம்மா, எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, இது சூடு இல்லை, ஹெர்ப்பிஸ்” என்று தொடங்கி, தாம் கேட்டறிந்த அனைத்தையும் அவர் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகச் சொன்னார். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் நான்தான் உனக்குக் கொடுத்திருப்பேனோ?” என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று அவர் பதில் சொன்னார்.

குழந்தை பிறந்த பதினோராம் நாள் கணவருக்குக் குறுகுறுப்பு தொடங்கியது. அன்றே மாத்திரை எடுத்து, முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பால் கழுவிய பின்னரே அவளைத் தூக்கினார். அவருக்கு முகக்கவசம் எடுத்துக் கொடுத்தவர் அத்தை.