பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்றார்கள்

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளிக்குத் திண்டுக்கல் போய்விட்டுத் திரும்பும்போது, வாடிப்பட்டி தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. மதுரை வந்ததும் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேருக்கும் ஒரே பதில்: "பேட்டரியைக் கழட்டிப் பத்து நிமிஷம் விட்டு மாட்டு, போயிடும்."

வண்டி அப்பாவுடையது. 2014 மாடல், பெட்ரோல். போன வருடம் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். கருத்து சொல்லும் உரிமையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். இன்று காலை நான் பானட்டைத் திறந்ததுமே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன்.

"எதை முதல்ல கழட்டுவே?"

"மைனஸ்."

"ஏன்?"

அது தெரியவில்லை. வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள்.

"வண்டி பாடி முழுக்க மைனஸ்மா. ப்ளஸ்ஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா வெல்டிங் வச்ச மாதிரி பொறி பறக்கும். மைனஸை எடுத்துட்டா அப்புறம் பாடியில எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மாட்டும்போது ப்ளஸ் முதல்ல, மைனஸ் கடைசி."

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்களாம். பழைய வண்டிகளில் தப்பித்திருக்கலாம். இந்த வண்டியில் செய்தால் வோல்டேஜ் எகிறி எலெக்ட்ரானிக்ஸ் போய்விடக்கூடும்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர். மைனஸ் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது, பழைய செம்புக் குடத்தின் அடி மாதிரி. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு இறங்கியது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஈயம் பளபளவென்று வெளியே வந்தது. விளக்கு போகிறதோ இல்லையோ, இந்த வேலையாவது உருப்படியாக நடந்ததே என்று இருந்தது.

கழற்றிய பிறகு ஹாரனை அழுத்தினேன். எங்கோ கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்குமாம். சத்தம் வரவில்லை, வராதுதான். ஆனாலும் ஊமை ஹாரனை அழுத்துவது ஒரு மாதிரியாக இருந்தது. பதினைந்து நிமிடம் காத்திருந்து, மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். விளக்கு இல்லை.

விளக்கோடு சேர்ந்து வேறு சிலதும் இல்லை. கடிகாரம் 12:00 என்று மினுக்கியது. டிரைவர் பக்கக் கண்ணாடி, ஒரு தட்டு தட்டினால் தானாக ஏறும், ஏறவில்லை. (மேலே ஏற்றிய பிறகும் சுவிட்சை விடாமல் சில நொடி பிடித்திருந்ததும் சரியாகிவிட்டது.) ரேடியோ "கோட்" என்று கேட்டுவிட்டு நின்றது. நாலு இலக்க எண். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் பூட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதனால் தொடவில்லை.

அப்பா உள்ளே போய்ப் பெட்ரோல் நோட்டை எடுத்து வந்தார். 2014-லிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டரும் அதில் இருக்கிறது. பின் அட்டையின் உள்பக்கம் அந்த நாலு இலக்கம், பென்சிலில்.

4 நவம்பர், திங்கள்

கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. மானம் போனது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தீபாவளிப் பாக்கியை ஹாரனிலேயே தீர்த்துக்கொண்டார்.

நிற்பதற்கு முன்பே அறிகுறி இருந்தது. சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்று, ஆர்பிஎம், 600-க்கு இறங்குவதும் 1200-க்கு ஏறுவதுமாக மூச்சு வாங்கியது. நேற்று வரை, விளக்கு எரிந்தபோதுகூட, இப்படிச் செய்ததில்லை. குறையே இல்லாத வண்டியில் கைவைத்து நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

இரவு கலிபோர்னியாவிலிருந்து தம்பி பேசினான். "கோட் என்னன்னு படிக்காம ஏன்க்கா அழிச்சே?" என்றான். ரேடியோ கோட் இல்லை, விளக்கு எரியும்போது வண்டியின் கம்ப்யூட்டர் குறைக்கென்று குறித்து வைக்கும் எண். அங்கே இந்த வித்தை பலிக்காதாம். புகைச் சோதனையில் வண்டியின் கம்ப்யூட்டரோடு ஒயர் மாட்டிப் படிக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால் உள்ளே இருக்கும் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டிவிடும், போய் ஓட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்களாம். 2010-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பேட்டரியை எடுத்தாலும் அழியாத கோடு ஒன்றும் உள்ளே தங்கும் என்றான். வண்டி தானே ஓடி, குறை இல்லை என்று பார்த்த பிறகுதான் அது போகுமாம்.

6 நவம்பர், புதன்

ப்ளூடூத் ஓபிடி கருவி வந்தது, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் படிக்க. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை உள்ள சாக்கெட் இருக்கிறது, அதில் சொருக வேண்டும். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 கட்டாயம் என்பதால் நம் வண்டியிலும் உண்டு. பத்து வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை.

கோட் ஏதுமில்லை. விளக்கு எரிந்த அந்த நொடியில் என்ன வேகம், என்ன சூடு என்று எடுத்து வைத்திருந்த பதிவும் இல்லை. திருடன் வந்துபோன வீட்டைப் போலீஸ் வருமுன் நானே கூட்டிப் பெருக்கி வைத்த கதை.

ஆனால் ஒரு எண் கிடைத்தது. லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம். சைலன்சர் வழியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்தது சரியாக எரிந்ததா என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் போதவில்லை என்றால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிப் போடும். எப்போதும் கூட்டவே வேண்டியிருந்தால் அதை மனப்பாடம் செய்துகொள்ளும், அந்த மனப்பாடம்தான் இந்த எண். நல்ல வண்டியில் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கும். இதில் +12.

இப்போது திங்கட்கிழமைக் கதை விளங்கியது. வண்டியில் குறை ஏற்கெனவே இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத் தெரிந்துகொண்டு கூடுதல் பெட்ரோல் விட்டு, எனக்குத் தெரியாமல் சமாளித்து ஓட்டியிருக்கிறது. ஒரு வீட்டு அடுப்பில் பல வருடம் சமைத்தவளுக்கு எந்த பர்னர் மந்தம் என்று கைக்கே தெரியும். நான் அவளை அனுப்பிவிட்டு, புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கும் ஆளை அடுப்படியில் விட்டிருக்கிறேன். பாவம், மூன்று நாளாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

9 நவம்பர், சனி

அலங்காநல்லூர் வரை போய் வந்தோம். அப்பா முன்சீட்டில், என் போன் அவர் கையில். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்துக்கொண்டே வந்தார்: "பதினாறு... பதினேழு... மறுபடி பதினாறு." நடுநடுவே நோட்டிலும் எழுதினார். வண்டியின் மூச்சு வாங்கல் நின்றுவிட்டது. எண் ஏற ஏற வண்டி நன்றாக ஓடுகிறது. அதுதான் கவலை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பதினெட்டைத் தாண்டியபோது விளக்கு எரிந்தது. இந்த முறை படித்தேன்: பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒரே ஓட்டத்தில் சந்தேகம் வந்தால் உடனே விளக்கைப் போடாது, அடுத்த ஓட்டத்திலும் அதையே பார்த்தால்தான் போடும். ஆறு நாள் விளக்கு அணைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தம்பி ஒரு சோதனை சொன்னான். நிறுத்தி வைத்துப் பார்த்தேன்: ஐடிலில், அதாவது சும்மா நிற்கும்போது, +23. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +7. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் இது தலைகீழாக இருக்குமாம். ஐடிலில் மோசம், வேகத்தில் பரவாயில்லை என்றால் எங்கேயோ திருட்டுக் காற்று நுழைகிறது. இன்ஜின் நிறையக் காற்றை இழுக்கும்போது அந்தச் சின்னத் திருட்டு பெரிதாகத் தெரிவதில்லை.

17 நவம்பர், ஞாயிறு

இடையில் ஒரு வாரம் ஆபீஸ் ஆடிட். விளக்கு எரிந்தபடியே ஓட்டினேன். மினுக்காமல் நிலையாக எரிந்தால் பொதுவாக அவசரம் இல்லை, மினுக்கினால்தான் உடனே நிறுத்த வேண்டும்.

கார்த்திகை பிறந்தாயிற்று. மெக்கானிக் மாலை போட்டிருக்கிறார். போன மாதம் வரை அவரைத் தம்பி என்று கூப்பிடுவேன், இப்போது சாமி. எண்களைக் காட்டினேன். அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸைப் பிடித்து, கோழிக்கழுத்தை முறுக்குகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினார். கீழ்ப்பக்கம் இரண்டு மடிப்புக்கு நடுவே விரல் நீள வெடிப்பு வாயைத் திறந்தது. கையை விட்டதும் மூடிக்கொண்டது. மேலிருந்து எத்தனை தடவை பார்த்தாலும் தெரிந்திருக்காது. காற்றை அளக்கும் சென்சார் அதற்கு முன்னால் இருக்கிறது, வெடிப்பு அதற்குப் பின்னால். அளக்காத காற்றுக்குப் பெட்ரோல் கணக்கு எப்படி வரும்?

ஹோஸ் 640 ரூபாய், கூலி 150. மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்படியே பேட்டரியை ஒருதடவை கழட்டி மாட்டிரவாக்கா? லைட்டு போயிரும்."

நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றோம். சாமி திடுக்கிட்டுவிட்டார்.

21 நவம்பர், வியாழன்

காலையில் ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட் போட்டு, நிமிர்ந்தால் விளக்கு இல்லை. தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் குறை இல்லை என்றால் அதுவே அணைத்துக்கொள்ளும். ட்ரிம் +4-க்கு இறங்கிவிட்டது.

ரேடியோவுக்கு மூன்றாம் தேதியே கோட் போட்டிருந்தாலும், ஸ்டேஷன் பட்டன்கள் காலியாகவே கிடந்தன. கோடைப் பண்பலை 100.5-ஐத் தேடி முதல் பட்டனில் வைத்தேன். அப்பா அதை இரண்டாவதுக்கு மாற்றச் சொன்னார். அது எப்போதும் இரண்டாவதில்தான் இருந்ததாம். முதலாவதில் என்ன இருந்தது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை.

சாயங்காலம் பெட்ரோல் கணக்கு எழுத நோட்டைத் திறந்தேன். அவர் கையெழுத்தில் ஏற்கெனவே ஒரு வரி:

"3.11.24 - பேட்டரி கழற்றி மாட்டியது. செலவு இல்லை. பயன் இல்லை. டெர்மினல் சுத்தம்."