ரஷ்யாவில் இறைப்பணி செய்யும் மகனைப் பார்க்கக் கிளம்பும் முன்

எலத்தகிரி, கோவிலூர், பி.பள்ளிப்பட்டி என்று நம் தருமபுரி மறைமாவட்டத்தில் பல பங்குகளில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகங்களில், துறவற சபைகளுக்குப் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் உண்டு. சபை அனுப்புகிற இடத்துக்குப் பிள்ளை போகிறான். அது ரஷ்யாவாக இருந்தால், ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தோன்றும். தாராளமாகப் போகலாம். ஆனால் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஏடிஎம் கார்டு அங்கே செல்லாது, போன் நினைத்தபடி வேலை செய்யாது, நாம் செய்யும் சின்னத் தவறுக்கும் மகனுடைய பங்குதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாதி வேலை கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

டிக்கெட் பார்ப்பதற்கு முன் மகனிடம் பேசி, அவர் மூலமாக அவருடைய சுப்பீரியரிடம் (சபையில் அவருக்கு மேலுள்ள தலைவரிடம்) தேதி கேளுங்கள். ரஷ்யாவில் கத்தோலிக்கர்கள் மிகச் சிறுபான்மை. மொத்த நாட்டுக்கும் லத்தீன் வழிபாட்டு மறைமாவட்டங்கள் நான்குதான்: மாஸ்கோ, சராத்தவ், நோவோசிபிர்ஸ்க், இர்குத்ஸ்க். நிலப்பரப்பில் உலகத்திலேயே பெரிய கத்தோலிக்க மறைமாவட்டம் இர்குத்ஸ்க். ஒரு சாமியார் ஞாயிறு பூசையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குச் சில நூறு கிலோமீட்டர் போவது அங்கே சாதாரணம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனால் மகனோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. அங்கே டிசம்பர் 25 விடுமுறை இல்லை, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸான ஜனவரி 7-தான் அரசு விடுமுறை. வேலைக்குப் போய்த் திரும்பும் மக்களுக்காக மாலைப் பூசை, கிளைப் பங்குகளுக்குத் தனிப் பூசை என்று அந்த வாரம் முழுக்க அலைச்சல்தான். ஜூன் அல்லது ஆகஸ்ட் கடைசிதான் நல்ல சமயம். முதல் வருடமே போக வேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. மொழி பிடிபட்டு, ஊர் பழகிய பிறகு போனால் உங்களை அவரே தைரியமாகக் கூட்டிப் போவார்.

விசாவுக்கு இப்போது சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. பயணத்துக்கு 40 நாளுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 4 நாளாவது இருக்க வேண்டும். கட்டணம் சுமார் 52 டாலர். இணையத்தில் பல இடங்களில் 16 நாள் என்ற பழைய கணக்கே கிடக்கிறது. 2025 ஆகஸ்ட் 23 முதல் 30 நாள் தங்கலாம், விசா 120 நாள் செல்லும். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது முதல் நாள் கணக்கில் சேரும். ஒரே ஒரு நுழைவுதான். இர்குத்ஸ்க் வரை போனவர்கள் பக்கத்தில் இருக்கிற மங்கோலியாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லையைத் தாண்டினால், அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. விண்ணப்பத்தில் நோக்கம் கேட்கும் இடத்தில் விருந்தினர் அல்லது சுற்றுலா என்று போடுங்கள். மதப்பணி என்று எழுதக் கூடாது. அது மகனுடைய வேலை, அவருக்கு வேறு விசா.

பெரும்பாலும் பெயரில்தான் சிக்கல் வருகிறது. நம் பக்கத்து பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். ஒரே பெயர், அல்லது இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும். விசா விண்ணப்பத்தில் போடும் எழுத்துகள் அந்த வரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் பின்னால் திருத்த வழியில்லை. புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டும், கட்டிய பணமும் திரும்பாது. ஆறு மாத அவகாசம் இருந்தால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டையே மாற்றி வாங்குவது நல்லது. துபாய் வழியாகப் போய் அங்கே ஓரிரு நாள் தங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது தேவைப்படும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசா தருவதில்லை.

எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். ஆண் துறவியர் இல்லத்தில் அம்மா தங்க இடம் இருக்காது. பங்கில் விருந்தினர் அறை இருக்கலாம், அல்லது கன்னியர் இல்லத்தில் ஏற்பாடு செய்வார்கள், இல்லையென்றால் ஓட்டல். இதில் ரஷ்யச் சட்டம் கண்டிப்பானது. இறங்கிய 7 வேலை நாளுக்குள் நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பதிவாகிவிட வேண்டும். ஓட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள். பங்கு இல்லத்தில் தங்கினால் பங்குதான் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் அழைத்த நிறுவனத்துக்கு 4 லட்சம் முதல் 5 லட்சம் ரூபிள் வரை அபராதம் விழலாம். சின்னப் பங்குக்கு அது தாங்காது. அதனால் இறங்கிய மறுநாளே பாஸ்போர்ட், விசாத் தாள், குடியேற்ற அட்டை மூன்றையும் மகனிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடியேற்ற அட்டை என்பது விமான நிலையத்தில் தரும் சின்னத் தாள். ஒரு பாதியை அதிகாரி எடுத்துக்கொள்வார், மறுபாதியில் முத்திரை குத்தி நம்மிடம் தருவார். பார்க்கப் பேருந்து டிக்கெட் மாதிரி இருப்பதால் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். திரும்பும்போது அதைக் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வையுங்கள். பதிவு முடிந்ததும் தரும் துண்டுச் சீட்டும் அதோடு இருக்கட்டும்.

பணத்தைக் கையில்தான் கொண்டு போக வேண்டும். வெளிநாட்டில் தரப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. நம் வங்கி "இன்டர்நேஷனல் கார்டு" என்று சொல்லிக் கொடுத்தாலும் அதே கதைதான். மற்ற பெரும்பாலான நாடுகளுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். ரஷ்யாவுக்கு அந்த வரம்பு கிடையாது, முழுவதையும் நோட்டாகவே வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஓசூரிலோ பெங்களூருவிலோ பணம் மாற்றும் கடையில் இது தெரியாமல் மறுத்தால் விதியைக் காட்டச் சொல்லுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் கட்ட வேண்டும், ரொக்கம் ஏற்க மாட்டார்கள். நோட்டுகளைக் கவுன்ட்டரிலேயே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பேனாக் கிறுக்கல், முத்திரை, கிழிசல், பழைய வரிசை இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கே வங்கியில் அப்படிப்பட்ட நோட்டைத் தள்ளிவிடுவார்கள். விமான நிலையத்தில் டாக்ஸிக்கு மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் வங்கியில் மாற்றுங்கள். ஒரு ரூபிள் கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க்குப் பக்கம் வருவதால் கணக்குப் போடுவது சுலபம்.

பங்கில் தெரிந்தவர்கள் "சாமிகிட்ட கொடுத்துடுங்க" என்று காணிக்கை உறை கொடுப்பார்கள். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுப் பணம் பெறும் மத அமைப்புகள் அங்கே நீதித்துறை அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சுப்பீரியரைக் கேட்காமல் யாருடைய உறையையும் வாங்காதீர்கள். சபையின் இந்திய அலுவலகத்திலேயே கொடுக்கச் சொல்லிவிடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று மதப் பிரசாரச் சட்டம். 2016 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே, அமைப்பின் எழுத்து அனுமதி இல்லாமல், வேறு நம்பிக்கையினரிடம் மதத்தைப் பரப்புவது குற்றம். குடியிருப்பு வீடுகளில் வைத்துப் பிரசாரம் செய்வதும் தடை. வெளிநாட்டவருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றவும் செய்யலாம். கோவிலுக்குள் பூசை காண்பது, செபமாலை சொல்வது, மகனோடு வீட்டில் குடும்ப செபம் செய்வது எதற்கும் தடையில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் மாதா படம் கொடுப்பதும், "எங்க சாமி கோவிலுக்கு வாங்க" என்று கூப்பிடுவதும்தான் ஆபத்து. நம் ஊரில் அது சாதாரணம், அங்கே யாராவது புகார் கொடுத்தால் மாட்டிக்கொள்வது உங்கள் மகன். செபமாலைக் கட்டு, துண்டுப் பிரசுரம், புத்தகக் கட்டு எதுவும் பெட்டியில் வேண்டாம். உங்களுக்கு ஒரு செபமாலை, ஒரு செபப் புத்தகம் போதும். போரைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள், எதையும் பதிவிடாதீர்கள். ராணுவத்தையும் ராணுவ வண்டிகளையும் படம் எடுக்காதீர்கள். புரியாத ரஷ்யத் தாள் எதிலும் மகனைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பெங்களூரு விமான நிலையம்தான் வசதி. ஓசூர் தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலை நம்பவே முடியாது. அதிகாலை விமானம் என்றால் முந்தின இரவே போய்விடுங்கள். அங்கிருந்து வளைகுடா வழியாகவோ, டெல்லி போய் நேரடி விமானத்திலோ மாஸ்கோ போகலாம். ட்ரோன் அச்சத்தால் மாஸ்கோ விமான நிலையங்களைச் சில மணி நேரம் திடீரென மூடுகிறார்கள். மாஸ்கோவிலிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் நடுவே ஒரு இரவு விட்டு டிக்கெட் போடுங்கள். உள்நாட்டு ரயில் டிக்கெட்டை மகன்தான் வாங்க வேண்டும், நம் கார்டை அந்தத் தளம் ஏற்காது. வாங்கும்போது கீழ் படுக்கை கேட்கச் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் முதல், வெளிநாட்டு சிம் ரஷ்ய நெட்வொர்க்கில் சேர்ந்ததும் 24 மணி நேரத்துக்கு டேட்டாவையும் எஸ்எம்எஸ்ஸையும் நிறுத்திவைக்கிறார்கள். வங்கி ஓடிபி வராது. விமான நிலைய வைஃபைக்கும் எஸ்எம்எஸ்ஸில்தான் குறியீடு வரும், ஆகவே அதையும் நம்ப முடியாது. வாட்ஸப் அழைப்புகளை 2025 ஆகஸ்டில் கட்டுப்படுத்திவிட்டார்கள். வெளிநாட்டவர் புது சிம் வாங்குவதும் 2025 ஜனவரி முதல் பெரும்பாடு. எனவே மகன் பெயர், ரஷ்ய எண், பங்கின் முகவரி, பங்குத்தந்தையின் கடிதம் எல்லாவற்றையும் ரஷ்ய எழுத்தில் அச்செடுத்துக் கையில் வையுங்கள். குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்டால் அந்தக் கடிதத்தைக் காட்டினால் போதும். அவசர உதவிக்கு 112.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பட்டையோடு, டாக்டர் சீட்டோடு, தங்கும் நாள்களைவிடப் பத்து நாளுக்கு அதிகமாகக் கைப்பையில் வையுங்கள். சீட்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தால் நல்லது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதுவும் கொண்டு போகாதீர்கள். கட்டாயம் தேவையென்றால் முன்கூட்டியே தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைக் குளிரில் வெளியே போகும்போது உள்சட்டைப் பையில் வையுங்கள். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது ரஷ்யாவை விலக்கியிருக்கிறார்களா என்று வாசித்துப் பாருங்கள்.

குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் கம்பளிச் சட்டையை நம்ப வேண்டாம். உடலை ஒட்டிய தெர்மல், மேலே ஃப்லீஸ், அதற்கு மேலே காற்றுப் புகாத கோட்டு, இப்படி மூன்று அடுக்கு வேண்டும். செருப்பு அளவைவிட ஒரு எண் பெரிய பூட்ஸ் வாங்குங்கள். தடித்த காலுறை போட்ட பிறகும் விரலை அசைக்க முடிய வேண்டும், இறுக்கினால் விரல் சீக்கிரம் மரத்துப்போகும். பனியைவிட, உருகி மறுபடி உறைந்த நடைபாதைதான் வயதானவர்களைக் கீழே தள்ளும். பூட்ஸின் மேல் மாட்டும் முள் பட்டை அங்கேயே கிடைக்கும். அம்மா சேலை கட்டலாம், உள்ளே தெர்மல் போட்டுக் கீழ்க்கரையைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் ஹீட்டர் இருப்பதால் குளிராது, தோல்தான் வறண்டு வெடிக்கும். கோடையில் போனாலும் ஒரு விஷயம்: குழாய் பராமரிப்புக்காக ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு வாரம் வரை வெந்நீரை நிறுத்துவார்கள். அது எந்தத் தேதி என்று மகனுக்குத் தெரிந்திருக்கும்.

மகனுக்குச் சாப்பாடு கட்டாமல் அம்மா கிளம்ப மாட்டார். ராகி மாவு கொண்டு போங்கள், ஆனால் வீட்டில் அரைத்ததை அல்ல, லேபிள் ஒட்டிய கம்பெனி பாக்கெட்டை. பெயரில்லாத மாவுப் பொட்டலத்தைக் கண்டால் சுங்கத்தில் பிரிப்பார்கள். புளி கொட்டை எடுத்ததாக இருக்கட்டும். கீரை விதை, மிளகாய் விதை வேண்டாம். கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பழமாகக் கொண்டு போவதைவிட டின்னில் அடைத்த கூழாகக் கொண்டு போவது மேல். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள். கொப்பரையைப் பெட்டியில் அனுமதிப்பதில்லை. வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே கூடாது, மசாலாப் பொடியில் அரைத்துச் சேர்த்ததும் வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. ராகி தீர்ந்துவிட்டால் கிரேச்கா (பக்வீட் என்ற தானியம்) என்று கேட்டு வாங்குங்கள். அதன் மாவில் களி கிண்டினால் நன்றாகவே வரும். மோருக்குக் கெஃபீர் இருக்கிறது.

பங்கு மக்கள் வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுங்கள், உள்ளே போட வேறு செருப்பு தருவார்கள். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைகுலுக்காதீர்கள். பூக்கொத்து வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை சாவுக்குக் கொடுப்பது. ஆர்த்தடாக்ஸ் கோவிலுக்குள் போனால் பெண்கள் தலையை மூட வேண்டும். மாஸ்கோவில் ஒரு நாள் இருந்தால் மலயா குரூசின்ஸ்கயா தெருவில் உள்ள அமல உற்பவ அன்னை பேராலயத்தில் பூசை காணுங்கள். 1911-இல் கட்டி முடித்த அந்தக் கோவிலைச் சோவியத் ஆட்சி 1938-இல் பூட்டியது. உள்ளே மாடி மாடியாகத் தடுத்து வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். மக்கள் போராடித் திரும்பப் பெற்று, 1999 டிசம்பர் 12-இல் மறுபடி அபிஷேகம் செய்தார்கள். மகன் எப்படிப்பட்ட மக்களுக்குப் பூசை வைக்கிறார் என்பது அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் புரியும்.

திரும்பும் நாள் விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மீதி ரூபிளை அங்கேயே டாலராக்கிவிடுங்கள், நம் ஊரில் ரூபிளை வாங்குபவர் கிடைப்பது கடினம். மீந்த டாலரில் 2,000 வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.