வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிற கம்பெனி

அமெரிக்க கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ், சுருக்கமா ஜிஎம்னு பேச்சை எடுத்தாலே கார் பைத்தியங்க நடுவுல ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி "அவனுக்கு கார் பண்ணவே தெரியாதுப்பா, கவர்மென்ட் காசுல பொழைச்ச கம்பெனி"ன்னு சொல்லும், இன்னொண்ணு கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், கேடிலாக் சொகுசு கார், ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின்னு ஆரம்பிச்சு விடிய விடிய பேசும். எனக்கு ரெண்டுமே பாதி தப்புன்னுதான் படுது. ஜிஎம்முக்கு கார் பண்ண நல்லாவே தெரியும். அவங்க வழக்கம் என்னன்னா, காசு மிச்சம் பிடிச்சு அரைகுறையா ஒண்ணை விக்க வேண்டியது, ஊரே திட்டினப்புறம் நாலஞ்சு வருஷம் உக்காந்து ஒழுங்கா சரி பண்ண வேண்டியது, சரி பண்ணி முடிச்ச கையோட அந்த காரையே நிறுத்திட வேண்டியது. ஒரு தடவை ரெண்டு தடவை நடந்தா விட்டுடலாம், அறுபது வருஷமா இதே கதைதான்.

முதல்ல கொஞ்சம் பூர்வீகம். மிச்சிகன்ல ஃபிளின்ட்னு ஒரு ஊரு, அங்க குதிரை வண்டி பண்ணி வித்து பெரிய ஆளான வில்லியம் டியூரண்ட்தான் 1908 செப்டம்பர்ல ஜிஎம் ஆரம்பிச்சவர். கையில ப்யூக் இருந்துச்சு, அடுத்து ஓல்ட்ஸ்மொபீல், கேடிலாக், ஓக்லண்ட்னு கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கிக் குவிச்சாரு, 1910-லயே கடன் கழுத்தை நெரிக்க பாங்க்காரங்க அவர் கையில இருந்து கம்பெனியை வாங்கிட்டாங்க. மனுஷன் சும்மா இருந்தாரா, லூயி ஷெவர்லேன்னு ஒரு ரேஸ் டிரைவரைக் கூட சேர்த்துக்கிட்டு 1911-ல ஷெவர்லே கம்பெனி ஆரம்பிச்சு, அதுல வந்த பலத்தை வச்சே 1916-ல ஜிஎம்மைத் திரும்பப் பிடிச்சாரு. 1920-ல மறுபடியும் வெளிய. கடைசி காலத்துல அதே ஃபிளின்ட்ல ஒரு பவுலிங் சென்டர் நடத்திக்கிட்டு இருந்தாராம். இவரை வச்சு இன்னும் ஏன் நாலு வெப் சீரிஸ் வரலைன்னு எனக்குப் புரியல.

அப்புறம் 1923-ல தலைமைக்கு வந்தவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன். டியூரண்ட் சூதாடி, இவரு கணக்கு வாத்தியார். ஃபோர்டு ஒரே மாடல் டி-யை வச்சு விலையைக் குறைச்சு குறைச்சு ஓட்டிட்டு இருந்த நேரத்துல, ஸ்லோன் அவங்கவங்க பர்ஸுக்கு ஏத்த மாதிரி ஒரு கார்னு படிக்கட்டு கட்டினாரு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஷெவர்லே, கொஞ்சம் சம்பளம் ஏறினா பான்டியாக், அதுக்கு மேல ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக், கடைசியா கேடிலாக். பழைய வண்டியைக் கொடுத்துட்டு புதுசு எடுத்துக்கோ, கையில காசு இல்லையா எங்க ஃபைனான்ஸ் கம்பெனியே கடன் தரும், அதை 1919-லயே ஆரம்பிச்சாச்சு. 1927-ல ஹார்லி ஏர்ல்னு ஒருத்தரை உக்கார வச்சு, கார் எப்படி இருக்கணும்னு யோசிக்கவே தனி டிபார்ட்மென்ட். இன்னிக்கு நம்ம ஊர்ல வருஷா வருஷம் "நியூ ஃபேஸ்லிஃப்ட்"னு பம்பரை மாத்தி விக்கறாங்க இல்லையா, அந்த வியாபார புத்தியோட பிறந்த வீடு இதுதான். 1955-ல ஒரே வருஷத்துல 100 கோடி டாலருக்கு மேல லாபம் பார்த்த முதல் அமெரிக்க கம்பெனி. அறுபதுகள் தொடக்கத்துல அமெரிக்காவுல விக்கிற கார்ல கிட்டத்தட்ட பாதி இவங்களோடது, இன்னும் பெருசானா கவர்மென்ட் வந்து கம்பெனியை ரெண்டா உடைச்சிடுமோங்கிறதுதான் அவங்க பயமே.

சிக்கலும் இங்கதான் ஆரம்பிக்குது. ஸ்லோனோட முறையில பணத்துக்கு ஒரு பைசா விடாம கணக்கு உண்டு, அது தப்பில்ல, ஆனா 1958-ல ஃபிரெடெரிக் டானர் வந்ததுல இருந்து தலைமை நாற்காலியில பெரும்பாலும் ஃபைனான்ஸ் ஆளுங்களே உக்காந்தாங்க. இன்ஜினியர் கேக்கற ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங்கு, ஒவ்வொண்ணையும் லட்சக்கணக்கான காரால பெருக்கிப் பார்த்து "எதுக்கு வேஸ்ட்"னு வெட்டற இடம் ஆயிடுச்சு.

கார்வேர் கதைதான் இதுக்கு முதல் சாட்சி. 1960 மாடலா வந்த சின்ன ஷெவர்லே கார், இன்ஜின் பின்னாடி, அலுமினியத்துல ஆறு சிலிண்டர், ஏர் கூலிங், அமெரிக்காவுல அப்போ யாரும் செய்யத் துணியாத டிசைன். ஆனா பின் சக்கரத்துக்குப் போட்டது ஸ்விங் ஆக்ஸில். வளைவுல வேகமா திரும்பினா பின் சக்கரம் உள்பக்கமா மடங்கி, பின்னாடி பாரம் வேற ஜாஸ்திங்கறதால வண்டி சடார்னு திரும்பிடும். இதைக் குறைக்க முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் பார், அதாவது வளைவுல வண்டி ரொம்ப சாயாம பிடிக்கற கம்பி, போட்டிருக்கலாம், காசு மிச்சம்னு விட்டுட்டாங்க. அதுக்கு பதிலா டயர்ல காத்தை வச்சு சமாளிச்சாங்க: முன்னாடி 15, பின்னாடி 26 பிஎஸ்ஐ. சொல்லுங்க, எந்த பங்க்ல இப்படி முன்னாடி பாதி காத்து மட்டும் அடிச்சு விடுவான்? எல்லாரும் நாலு டயருக்கும் ஒரே அளவு அடிச்சாங்க, விபத்து நடந்துச்சு, கேஸ் மேல கேஸ் விழுந்துச்சு.

இப்பதான் தமாஷ். 1964 மாடல்ல ஜிஎம் அந்த பாரைப் போட்டுட்டாங்க, பின்னாடியும் ஒரு லீஃப் ஸ்பிரிங் சேர்த்தாச்சு. 1965 மாடல்ல பின் சஸ்பென்ஷனையே தூக்கிப் போட்டுட்டு கார்வெட் பாணியில புதுசு, பாடியும் புதுசு, பார்க்கவும் அவ்ளோ அழகு. அதெல்லாம் முடிஞ்சு 1965 கடைசியிலதான் அமெரிக்க கார்கள் எவ்ளோ ஆபத்துன்னு ரால்ஃப் நேடர்ங்கிற இளம் வக்கீல் எழுதின புத்தகம் வருது, முதல் அத்தியாயமே கார்வேர். ஜிஎம் வாயைத் திறந்து "அதை நாங்க சரி பண்ணிட்டோம், இதோ பாருங்க"ன்னு சொல்லியிருந்தா பாதி சண்டை முடிஞ்சிருக்கும். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, நேடர் பின்னாடி பிரைவேட் டிடெக்டிவை அனுப்பி அவர் யார் கூட பழகறாரு, என்ன கெட்ட பழக்கம் இருக்குன்னு தோண்டச் சொன்னாங்க. மாட்டிக்கிட்டாங்க. 1966 மார்ச்ல ஜிஎம் பிரசிடென்ட் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டி முன்னாடி வந்து மன்னிப்பு கேக்க வேண்டியதாப் போச்சு, நேடர் போட்ட வழக்குல 1970-ல 4,25,000 டாலர் கொடுத்து சமாதானம், அந்தக் காசை வச்சே அவரு இன்னும் நாலு கம்பெனியை நோண்டினாரு. 1966-லயே வாகன பாதுகாப்புக்குன்னு தேசிய அளவுல சட்டமும் வந்துடுச்சு. 1972-ல அரசு ஆய்வு, பழைய கார்வேர்கூட அந்தக் காலத்து மத்த கார்களை விட மோசம் இல்லைன்னு சொல்லுச்சு, யாருக்கு வேணும், கார்வேர் 1969-லயே போயாச்சு. கடைசி வருஷம் பண்ணினது வெறும் 6,000 கார்.

இதே படத்தை ரீமேக் பண்ணின மாதிரி 1984-ல பான்டியாக் ஃபியரோ. நடுவுல இன்ஜின், ரெண்டே சீட்டு, ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா மேலிடம் காசு தராதுன்னு "ஆபீஸ் போய்வர சின்ன கார்"னு சொல்லி அனுமதி வாங்கின வண்டி. பட்ஜெட் இல்லாததால முன் சஸ்பென்ஷன் ஜிஎம்மோட சின்ன கார் ஷெவெட்ல இருந்து, பின்னாடிக்கு அவங்களோட இன்னொரு கார் சைட்டேஷனோட முன்பக்கத்தை அப்படியே எடுத்து வச்சாங்க. முதல் வருஷம் 1,36,000-க்கு மேல வித்துச்சு. அப்புறம் இன்ஜின்ல கனெக்டிங் ராடு உடைஞ்சு, ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல கொட்டி, வண்டி தீப்பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு. பேரு நாறிப் போச்சு. 1988-ல ஒரு வழியா அதுக்குன்னே டிசைன் பண்ணின சஸ்பென்ஷனைப் போட்டாங்க, ஓட்டினவங்க எல்லாம் இதுதாண்டா காருன்னாங்க, அதே 1988-ல உற்பத்தி நிறுத்தம்!

சாட்டர்ன் இன்னும் வயித்தெரிச்சல். ஜப்பான்காரனை மடக்க ஜிஎம் ஆரம்பிச்ச தனி கம்பெனி, டென்னசியில ஸ்பிரிங் ஹில்ல தனி ஃபேக்டரி, யூனியனோட தனி ஒப்பந்தம், ஷோரூம்ல பேரமே கிடையாது, போட்ட விலைதான். 1990-ல முதல் கார் வந்துச்சு, ஜனங்களுக்கு அந்த ஷோரூம் மரியாதை அவ்ளோ பிடிச்சுப் போய், 1994-ல வா வான்னு கூப்பிட்டதும் ஆயிரக்கணக்கான குடும்பங்க சொந்தக் காரை ஓட்டிக்கிட்டு ஃபேக்டரிக்கே திருவிழா மாதிரி கிளம்பிப் போனாங்க. கார் கம்பெனிக்கு இப்படி ஒரு பாசம் கிடைக்குமா? ஆனா மத்த பிரிவுக்காரங்களுக்கு இவன் மட்டும் என்ன செல்லப்பிள்ளையான்னு கடுப்பு, பத்து வருஷம் புது மாடலுக்கு காசே தரல. கடைசியா 2007 மாடலா, ஜிஎம்மோட அப்போதைய ஜெர்மன் கம்பெனி ஓப்பல் உதவியோட ஆரா வந்து அந்த வருஷத்துக்கான வட அமெரிக்க கார் விருதும் வாங்குச்சு. 2010-ல சாட்டர்னே இல்ல.

கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் கதையையும் இங்க சொல்லணும். அங்க இருந்த ஜிஎம் ஃபேக்டரி ஊர்ப்பட்ட சண்டை, தினம் அஞ்சுல ஒருத்தன் வேலைக்கே வர மாட்டான், 1982-ல மூடிட்டாங்க. 1984-ல டொயோட்டா கூட்டு சேர்ந்து திறந்தப்போ பெரும்பாலும் அதே ஆளுங்க, அதே யூனியன். ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போய் பயிற்சி கொடுத்து, தப்பு கண்ணுல பட்டா யார் வேணா கயிறை இழுத்து லைனையே நிறுத்தலாம்னு உரிமை கொடுத்தாங்க, கொஞ்ச காலத்துலயே ஜப்பான் தரத்துக்கு கார் வந்துச்சு. அப்போ குத்தம் தொழிலாளி மேல இல்லைன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சு இல்லையா? அதை மத்த ஃபேக்டரிக்கெல்லாம் கொண்டு போக ஜிஎம்முக்கு வருஷக் கணக்குல ஆச்சு. அந்த ஃப்ரீமான்ட் இடம்தான் இன்னிக்கு டெஸ்லா ஃபேக்டரி.

டெஸ்லான்னதும் ஈவி1 ஞாபகம் வரும். 1996-லயே ஜிஎம் ஒரு முழு எலக்ட்ரிக் காரை ரோட்டுல விட்டுச்சு, காத்தைக் கிழிச்சுக்கிட்டு போற அந்த பாடிக்கு காத்து எதிர்ப்பைக் காட்டற டிராக் எண் 0.19, இன்னிக்கு வர்ற பல கார்களே அந்த நம்பரைத் தொடல. விலைக்குத் தரல, லீஸ் மட்டும், அதுவும் சாட்டர்ன் ஷோரூம் வழியா. முதல்ல சாதா லெட் ஆசிட் பேட்டரி, 1999-ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வந்து ரேஞ்சு நல்லா கூடுச்சு. மொத்தமே 1,117 வண்டி. அந்த 1999-லதான் எரிபொருளைக் குடிச்சுத் தீர்க்கற ராட்சச வண்டிக்குப் பேர்போன ஹம்மர்ங்கிற பேரையும் வாங்கறாங்க, கவனிங்க. 2003-ல இருந்து லீஸ் முடிஞ்ச ஈவி1 எல்லாத்தையும் திரும்ப வாங்கி, ஓட்டினவங்க "காசு தரோம், எங்களுக்கே குடுங்க"ன்னு கெஞ்சியும் கேக்காம, மியூசியத்துக்கு கொஞ்சம் போக மிச்சத்தை நசுக்கிட்டாங்க. அப்போ தலைவரா இருந்த ரிக் வேகனரே பின்னாடி, நான் எடுத்த மோசமான முடிவு அதுதான்னு ஒத்துக்கிட்டாரு.

2009 ஜூன் 1 திவால். அமெரிக்க அரசு போட்டது கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர், 2013-ல கடைசி பங்கை வித்தப்போ 1,000 கோடிக்கு மேல நஷ்டம். பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் எல்லாம் போச்சு. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஜி8, பான்டியாக் பேர்ல பல வருஷம் கழிச்சு வந்த உருப்படியான செடான், அதுவும் அதோட சேர்ந்து போச்சு. சொல்லவே வேணாம்.

ஆனா பேரைக் கெடுத்ததுல எல்லாத்துக்கும் மேல எனக்குத் தோணறது இக்னிஷன் ஸ்விட்ச்தான். ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயன் மாதிரி சின்ன கார்கள்ல சாவி போடற ஸ்விட்ச் லூஸா இருந்து, கொத்துச்சாவி பாரத்துலயோ முட்டி இடிச்சோ ஓடிக்கிட்டு இருக்கும்போதே தானா திரும்பிடும், இன்ஜின் ஆஃப், பவர் ஸ்டீயரிங் ஆஃப், ஏர்பேக்கும் விரியாது. மாத்த வேண்டிய பாகத்தோட விலை ஒரு டாலர்கூட இல்ல. இதுல என்ன கொடுமைன்னா, ஒரு இன்ஜினியர் அந்த பாகத்தை அமைதியா சரி பண்ணிட்டு பார்ட் நம்பரை மாத்தாமலே விட்டுட்டாரு, அதனால பழசு எது புதுசு எதுன்னு கம்பெனியில யாருக்கும் தெரியல. ஜார்ஜியாவுல ஒரு பொண்ணு இறந்துபோன வழக்குல, அவங்க வக்கீல் வச்சிருந்த நிபுணர் பழைய ஸ்விட்சையும் கடையில வாங்கின புது ஸ்விட்சையும் பிரிச்சு அளந்து பார்த்துதான் விஷயமே வெளிய வந்துச்சு. 2014-ல அந்த ஸ்விட்சுக்காக 26 லட்சம் கார் ரீகால், இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124, அடுத்த வருஷம் அரசுக்கு 90 கோடி டாலர். விசாரணை அறிக்கையில "ஜிஎம் தலையாட்டல்"னு ஒண்ணு வரும். மீட்டிங்ல எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு, வெளிய வந்து ஒருத்தரும் எதுவும் செய்யாம இருக்கறதுக்கு உள்ளேயே வச்சிருந்த பேராம். மேரி பாரா தலைமைக்கு வந்து ரெண்டே மாசத்துல அவங்க தலையில விழுந்த விஷயம் இது, ஆனா அவங்களும் அதே கம்பெனியில சின்ன வயசுல இருந்து இருந்தவங்கதான்.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. 1928-லயே பம்பாய்ல பாகங்களைச் சேர்த்து கார் பண்ணி வித்தவங்க, நடுவுல போயிட்டு திரும்ப வந்தப்போ நமக்கெல்லாம் தெரிஞ்ச முகம் தவேராதான், கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும் ஓடாத தவேரா உண்டா. 2013-ல 1,14,000 தவேராவை ரீகால் பண்ணும்போதுதான், டெஸ்டுக்கு போற வண்டியில புகை கம்மியா வர்ற இன்ஜினா பார்த்து போட்டு அனுப்பினாங்கன்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. சரி, அடுத்து? 2015-ல 100 கோடி டாலர் முதலீடுன்னாங்க, 2016 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுல சின்ன கார் ஷெவர்லே பீட்டை வச்சு எசென்ஷியான்னு ஒரு செடானைக் காட்டினாங்க, 2017 மே மாசம் இந்தியாவுல இனி விக்கறதா இல்லைன்னு சொல்லிட்டாங்க. புது பீட்டை மகாராஷ்டிரால இருக்கற தலேகாவ் ஃபேக்டரில பண்ணி மெக்சிகோவுக்கு அனுப்பினாங்க, நமக்குக் கிடையாது.

ஷெவர்லேயோட எலக்ட்ரிக் கார் போல்ட்லயும் இதே கூத்துதான். பேட்டரி தீப்பிடிச்சு 2021-ல வித்த மொத்த வண்டியையும் ரீகால் பண்ணி, நல்ல பேட்டரி போட்டு, விலையையும் குறைச்சு, 2023-ல 62,000 வித்து அதோட சிறந்த வருஷமா ஆக்கிட்டு அதே டிசம்பர்ல நிறுத்தினாங்க, நடுவுலயே திரும்பக் கொண்டு வரோம்னும் அறிவிச்சாங்க. அமெரிக்காவுல இருக்கற நண்பர்கள் யாராவது பழைய ஜிஎம் கார் எடுக்கலாமான்னு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், அந்த மாடலோட கடைசி வருஷம் எதுன்னு பார்த்து அதை எடுங்க. 88 ஃபியரோவுக்கு இன்னிக்கும் கேக்கற விலையைப் பார்த்தா, இது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் இல்லைன்னும் தெரியுது.